திங்கள் இரவு காலமானார்

செப்டம்பர் 3, புதன்

கோவர்த்தனம் இறந்த செய்தியைப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னது யார்? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருப்பதாகவும் தோன்றவில்லை. மரணச் செய்திகளுக்குக் கீழே எழுதியவர் பெயர் இருக்காது. யாரோ ஒருவர் அழுது வீங்கிய கண்களோடு வாசலில் வந்து நின்று சொல்லியிருப்பார். உள்ளே ஒருவர் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். மறுநாள் அது அச்சாகிவிட்டது. அறுபது வருடங்களுக்கு மேலாக எல்லோரும் அதையே பார்த்து எழுதுகிறோம்.

பேராசிரியர் குழந்தைவேலுவின் நூல் மெய்ப்பு இன்று வந்தது. ரா. கோவர்த்தனத்தின் முழு வாழ்க்கை வரலாறு. கோவை ஆலைத் தொழிலாளர்களின் தலைவராக இருந்து, 1957இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே இறந்துபோனவர். நூலிலுள்ள ஒவ்வொரு தேதியையும் அந்தக் காலத்துப் பத்திரிகைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. கல்லூரி வேலை போன பிறகு இந்த மாதிரி வேலைகள்தான் வருகின்றன. அலுக்கவில்லை. பழைய பத்திரிகை எதையும் திருப்பிக் கேட்பதில்லை.

‘மேற்குச்செய்தி’ வெளியிட்ட மரணச் செய்தி கால் பத்திதான். அதற்குள் இத்தனை பிழை. வயதில் நான்கு கூடுதல். சிறையிருந்த ஊர் வேலூர் என்கிறது, இருந்தது அலிப்புரம். படம் வேறு யாரோ ஒரு வழக்கறிஞருடையது. மறுநாள் படத்துக்கு மட்டும் வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள்.

குழாயில் தண்ணீர் வரவில்லை. கீழ்வீட்டுக்காரரிடம் கேட்கலாம் என்று இறங்கி, பாதிப் படியிலேயே திரும்பிவிட்டேன். ஒரு குடம் இருக்கிறது, போதும்.

செப்டம்பர் 5, வெள்ளி

பத்தொன்பதாம் அத்தியாயம். தலைப்பு: ‘இறந்தவர் போட்ட கையெழுத்து’. பேராசிரியருக்குத் தலைப்பு வைக்கத் தெரியும்.

விஷயம் இதுதான். தொழிலாளர்கள் போனஸுக்காக வேலையை நிறுத்தினார்கள். கோவர்த்தனம் பீளமேட்டு வீட்டில் நோய்ப்படுக்கையில் கிடந்தார். போனஸ் இல்லாமலே வேலைக்குத் திரும்புவதாக ஓர் ஒப்பந்தம் வந்தது. அதில் கோவர்த்தனத்தின் கையெழுத்து. பக்கத்தில் சாட்சியாகச் சங்கத்தின் துணைச் செயலாளர் ம. சென்னியப்பனின் கையெழுத்து. ஒப்பந்தத்தின் தேதி நவம்பர் 19, செவ்வாய். ‘மேற்குச்செய்தி’யோ கோவர்த்தனம் திங்கள் இரவு காலமானார் என்கிறது. திங்கள் என்றால் 18. ஆக, சென்னியப்பன் முதலாளிகளிடம் விலைபோய், செத்துப்போன தலைவரின் கையெழுத்தைத் தானே போட்டார் என்பது ஊர்ப்பேச்சு. பேராசிரியர் அதை ஊர்ப்பேச்சு என்று எழுதவில்லை. நடந்தது என்றே எழுதுகிறார். ஆதாரம் அந்தக் கால் பத்தி.

வயதிலும் ஊரிலும் படத்திலும் தப்புச் செய்தவர்கள் கிழமையில் மட்டும் சரியாக இருந்திருப்பார்களா? ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாலையில் கதவைத் தட்டும் சத்தம். என் கதவை மின்கணக்கெடுப்பவர் தவிர யாரும் தட்டுவதில்லை. திறந்தால் ஒரு வயதான அம்மாள், கையில் மஞ்சள் பை. ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

“நீங்கதானுங்களா சாருமதி அம்மணி? பொஸ்தகக்காரரு வெலாசம் குடுத்தாருங்க. எம்பேரு பாவாத்தாள். சிங்காநல்லூர் மில் லைன் வூட்டுல இருக்கறனுங்க. சென்னியப்பன் மக.”

பதிப்பாளர் மீது கோபம் வந்தது. உள்ளே வரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

ஒரு வார இதழில் நூலின் முன்னோட்டமாக அந்த அத்தியாயத்தின் ஒரு பகுதி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் படித்துக் காட்டினாளாம்.

“லைன்ல எங்க வூட்டுக்குப் பேரே கள்ளக் கையெழுத்து வூடுங்க. என்னியப் பொண்ணு பாக்க வந்தவிய திரும்பிப் போனாங்க. கடசியில தாராபுரம் பக்கம், சேதி எட்டாத ஊராப் பாத்துக் கட்டிக் குடுத்தாங்க. எங்க வூட்டுக்காரரு போய்ச் சேந்தப்பறம் திரும்பி இங்கதான் வந்தேன். எங்கய்யன் செத்தப்ப லைன்ல ஒருத்தரும் எட்டிப் பாக்குல. அதெல்லாம் போகுதுங்க. பேச்சுன்னா காத்தோட போயிரும். பேசுனவியளும் ஒவ்வொருத்தராப் போயிட்டாங்க. நானும் போயிட்டா முடிஞ்சுதுன்னு இருந்தேன். பொஸ்தகத்துல வந்துட்டா அது எப்பங்க போகும்?”

நான் ஆதாரங்களைப் பற்றிச் சொன்னேன். பத்திரிகைச் செய்தி இருக்கிறது, ஒப்பந்தத்தில் தேதி இருக்கிறது. நான் தேதிகளைச் சரிபார்ப்பவள் மட்டுமே. எழுதியவர் நான் இல்லை.

“அதேனுங்க, எழுதுனவரக் கேட்டா பேப்பரக் கேளுன்றாரு, பேப்பரக் கேட்டா அது இப்ப இல்லைன்றாங்க, உங்களக் கேட்டா எழுதுனவரக் கேளுன்றீங்க. செத்தவருக்குப் பதிலு சொல்ல ஒருத்தருமில்லீங்களா?”

அன்றைக்கு உங்களுக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன். அப்போது அவருக்கு ஒன்பது வயது.

“வெடியறதுக்கு முந்தி அய்யன் வூட்டுக்கு வந்தாருங்க. சட்டையக்கூடக் கழட்டாம செவுத்தோரமா ஒக்காந்து அழுதாரு. எங்கம்மா கேட்டதுக்கு, ‘தலைவரு போட்டுட்டாரு’ன்னு ஒரு வார்த்த சொன்னாரு. அப்பறம் சாகற வரைக்கும் அதப்பத்திப் பேசுனதில்ல. யாரு என்ன திட்டுனாலும் தலைவரக் கொறச்சு ஒரு சொல்லு வராது அவரு வாயில.”

மகள் சொல்வது சாட்சியம் ஆகாது. பார்க்கிறேன் என்றேன். “பாருங்க” என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கத் தோன்றவில்லை.

செப்டம்பர் 10, புதன்

நூலகம். ஒன்றும் கிடைக்கவில்லை. தூசியில் தும்மல்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை நூலகம் கிடையாது. இன்றைய பத்திரிகையை முழுவதும் படித்தேன். பழக்கதோஷத்தில் மரண அறிவிப்புப் பக்கத்தையும்.

திருமதி சுலோசனா, வடவள்ளி, வயது எண்பத்தொன்று, நேற்று இயற்கை எய்தினார். புகைப்படம் பழையது, அதில் போட்டிருக்கும் அட்டிகையை அவர் கடைசிவரை வைத்திருக்கவில்லை, பேத்திக்குக் கொடுத்துவிட்டார் என்று கேள்வி. மகன் – மருமகள்: சந்திரமௌலி – அபிராமி. வயது சரி. ஊர் சரி. அபிராமி என்பதில் எழுத்துப்பிழை இல்லை.

நான் அந்த வீட்டு மருமகளாக இருந்தபோது என் காய்ச்சலுக்கு அவர் வைத்துத் தந்த மிளகு ரசத்தைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதப்போவதில்லை. அது எழுத வேண்டிய விஷயமும் அல்ல.

மதியம் சமைக்கவில்லை. பசியில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

நூலகத்துக்குப் புறப்பட்டவள் பேருந்து மாறி ஏறி வடவள்ளி போய்விட்டேன். கவனக்குறைவு. தெருமுனையில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டிருந்த ஆள், “எழவு வூட்டுக்குங்களா? எல்லாம் நேத்தே முடிஞ்சுதுங்க” என்றான். இல்லை, வழி தவறி வந்தேன் என்றேன். எதிர்ப்பக்கத்தில் அடுத்த பேருந்து வரும்வரை நின்றேன்.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று ஒன்று கிடைத்தது. தேடியது அல்ல. 1958ஆம் வருட ‘மேற்குச்செய்தி’ தொகுப்பில் நவம்பர் மாதத்தில் கோவர்த்தனத்தின் முதலாண்டு நினைவு விளம்பரம் இருக்குமா என்று பார்த்தேன். நவம்பர் 18இல் இல்லை. 19இல் இல்லை. குடும்பம் மறந்துவிட்டதா என்று அலட்சியமாகப் புரட்டிக்கொண்டே போனால், டிசம்பர் 8இல் இருக்கிறது. கறுப்புக் கட்டத்துக்குள் அவருடைய படம் (இந்த முறை அவருடையதேதான்). கீழே: ‘முதலாண்டுத் திதி. கார்த்திகை, தேய்பிறைத் திரயோதசி. துயருடன் மனைவி, மகன்.’

ஆங்கிலத் தேதியை அவர்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. திதிதான். ஒருவர் உயிர் பிரிந்த கணத்தில் எந்தத் திதி நடந்துகொண்டிருந்ததோ அந்தத் திதியில்தான் வருடாவருடம் காரியம் செய்வார்கள். அதனால்தான் மூன்று வாரம் தள்ளிப்போயிருக்கிறது.

எனக்குத் திதியில் நம்பிக்கையில்லை. அப்பாவுக்கு நான் எதுவும் செய்வதில்லை. இருந்தும் அந்த விளம்பரத்தை இரண்டு தடவை படியெடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

நூலகத்தில் பழைய பஞ்சாங்கங்களைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். ஹேவிளம்பி வருடத்தை எடுப்பதற்குள் சேலை முழுக்க செல்லரித்த தூள்.

கார்த்திகை 3, திங்கட்கிழமை. ஆங்கிலத் தேதி நவம்பர் 18. துவாதசி, நாழிகை 49.

காகிதத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஒரு நாழிகைக்கு இருபத்துநான்கு நிமிடம், சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டும். நாற்பத்தொன்பது நாழிகை என்றால் மறுநாள் அதிகாலை ஏறக்குறைய இரண்டு மணி. அதுவரை துவாதசி. அதற்குப் பிறகுதான் திரயோதசி தொடங்குகிறது. குடும்பம் திரயோதசியில் காரியம் செய்தது. அப்படியானால் கோவர்த்தனம் இறந்தது இரண்டு மணிக்குப் பிறகு. நம் கடிகாரப்படி அது செவ்வாய், நவம்பர் 19.

பிறகு ‘திங்கள் இரவு’ எப்படி வந்தது? அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. பஞ்சாங்கத்தில் அந்த அதிகாலை இரண்டு மணி, திங்கட்கிழமை வரிசையில்தான் இருக்கிறது. விடிந்தால்தான் செவ்வாய். வீட்டிலிருந்து போனவர் ‘திங்கள் ராத்திரி’ என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பத்திரிகைக்காரரும் கேட்டதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அதை 18 என்று மாற்றிப் படித்தது பின்னால் வந்த நாம்தான். அந்தச் செய்தியில் இருப்பதிலேயே பிழையில்லாத ஒரே தகவல் அது. அதை வைத்துத்தான் ஓர் ஆளைப் பொய்க் கையெழுத்துக்காரர் ஆக்கியிருக்கிறோம்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கைபேசியை எடுத்துப் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். மணி எட்டரைதான். யாரையும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

சந்தேகம் இருந்தது. விளம்பரத்தில் அச்சுப்பிழை இருக்கலாம். கோவர்த்தனத்தின் பேரன் பத்மநாபன் காந்திபுரத்தில் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். தொலைபேசியில் பேசினேன்.

“தாத்தா திதிங்களா? கார்த்திகை தேய்பிறைத் திரயோதசிங்க மேடம். எங்கப்பா இருந்த வரைக்கும் அவரு செஞ்சாரு, இப்ப நான். ஒரு வருசம் விட்டதில்லைங்க. கொரோனாவுலகூட மொட்டை மாடியில வச்சுச் செஞ்சனுங்க.”

திரயோதசி என்பதில் சந்தேகம் இல்லையே என்று கேட்டேன்.

“என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க! அன்னைக்கே வாத்தியாரு பஞ்சாங்கத்தப் பாத்து, துவாதசி தாண்டிருச்சு, திரயோதசிதான்னு சொன்னாராம். பாட்டி சொல்லுவாங்க. மாத்திச் செஞ்சா அவருக்குப் போய்ச் சேராதுங்களே. ஆமா, எதுக்குங்க மேடம் கேக்கறீங்க?”

நூலுக்காகத் தேதியைச் சரிபார்க்கிறோம் என்றேன். சொன்னது பொய்யில்லை.

“ரொம்ப சந்தோசமுங்க. வெளியீட்டுக்கு வந்து இருபது காப்பி வாங்கிக்கறனுங்க. சொந்தத்துல எல்லாத்துக்கும் குடுக்கோணும்.”

செப்டம்பர் 24, புதன்

பேராசிரியர் வீடு. நவராத்திரி என்பதால் மருமகள் சுண்டல் கொடுத்தார். பேராசிரியர் என் ஆறு பக்கக் குறிப்பை மூக்குக்கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு படித்தார். படித்து முடித்ததும் சிரித்தார்.

“ஏம்மா சாரு, நாற்பது வருசமா மூடநம்பிக்கைய எதுத்து மேடையில பேசறவன் நான். என்னைப் போய்த் திதி பாத்து வரலாறு எழுதச் சொல்றியா? அடுத்த பதிப்புக்கு ராகு காலமும் பாத்துச் சொல்லு.”

“திதிக்குப் பலன் உண்டுன்னு நான் சொல்லலைங்க சார். அந்தக் குடும்பம் நம்பிச்சு. அதனால அதுல மட்டும் தப்புச் செய்ய மாட்டாங்க. வயசத் தப்பாச் சொல்லலாம், ஊரத் தப்பாச் சொல்லலாம். திதிய மாத்துனா செத்தவர் பட்டினி கிடப்பார்னு நினைக்கறவங்க மாத்துவாங்களா?”

சிரிப்பை நிறுத்திவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் என் ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில் என்னைத் திணறடித்தவர், முட்டாள் அல்ல. சுண்டல் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

“சரி, அப்பிடியே இருக்கட்டும். அப்ப அந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது யாருன்னு ஆகுது?”

நான் என் கிண்ணத்துச் சுண்டலைக் கரண்டியால் ஒதுக்கினேன்.

“சொல்லும்மா. போனஸ விட்டுக் குடுத்து, பட்டினி கிடந்த ஜனத்த வெறுங்கையோட உள்ள அனுப்புனது கோவர்த்தனமா? சாகப்போற நேரத்துல அவரே போட்டாரா? நானூறு பக்கம் எழுதிட்டு, கடைசியில இதையா நான் எழுதறது?”

“நடந்திருந்தா எழுதத்தானே வேணும்.”

“நடந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?”

தெரியாது. அதையும் சொன்னேன். இரண்டு மணிவரை உயிரோடு இருந்தார் என்பது மட்டும்தான் தெரியும். அதற்குமேல் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. ஆனால் ‘இறந்தவர் போட்ட கையெழுத்து’ என்று ஒருவரைக் குற்றம்சாட்டவும் முடியாது.

“அச்சுக்குப் போயாச்சு” என்றார் பேராசிரியர். எழுந்து உள்ளே போய்விட்டார்.

அறுபது வருடத்துக்கு மேல் அந்த லைன் முழுக்க ஏன் நம்பியது என்று பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். தங்கள் தலைவர் தோற்றுப்போனார் என்பதைவிட, பக்கத்து வீட்டுக்காரன் துரோகி என்பது தாங்கக்கூடியதாக இருந்திருக்கிறது. சென்னியப்பன் வாய் திறந்திருந்தால் தலைவர் பெயர் போயிருக்கும். அவர் திறக்கவில்லை.

இதற்கு ஆதாரம் இல்லை. குறிப்பில் சேர்க்கவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

பாவாத்தாளைப் பார்க்கச் சிங்காநல்லூர் போனேன். ஒரே அளவில் வரிசையாக ஓட்டு வீடுகள். பாதி வீடுகளில் வடக்கிலிருந்து வந்த பையன்கள் குடியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சாங்கத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. விடிந்தால்தான் மறுநாள் என்பது அவருக்குச் செய்தியே அல்ல.

“அப்ப எங்கய்யன் போடலைன்னு ஆயிருச்சுங்களா?”

அப்படிச் சொல்ல முடியாது என்றேன். இறந்தவரின் கையெழுத்து என்று சொல்வதற்கு ஆதாரமில்லை, அவ்வளவுதான்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மணி, இத்தன படிச்சுப்போட்டு முழுசா ஒண்ணு சொல்ல மாட்டீங்களா? பாதியத் தர்றதுக்கா பஸ்ஸேறி வந்தீங்க?”

“மீதி எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சதுன்னு சொன்னா நானும் அந்தப் பேப்பர் மாதிரிதான்.”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

“சரி, அந்தப் பாதியவாவது பொஸ்தகத்துல போடச் சொல்லுங்க” என்றார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

பதிப்பாளருக்கு எழுதினேன். குற்றச்சாட்டை அப்படியே விட்டால் நன்றியுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படியும், சரிபார்த்தவள் என்று எங்கும் சொல்ல வேண்டாம் என்றும். இனி இந்தப் பதிப்பகத்திலிருந்து வேலை வராது. மிக்ஸியும் பழுது. அம்மியில் சட்னி அரைத்தேன், கல்லும் மண்ணுமாக இருந்தது.

அக்டோபர் 4, சனி

பதிப்பாளர் கூப்பிட்டார். “புத்தகம் பைண்டாகி வந்துருச்சுங்க மேடம். கிழிச்சுப் போட முடியாது. ஒரு பிழைதிருத்தச் சீட்டு உள்ள வைக்கலாம்னா சார் ஒத்துக்கறார். எழுதிக் குடுங்க, நாலு வரிக்கு மேல வேண்டாம்.”

எட்டு முறை எழுதி அடித்து, இதை அனுப்பினேன்:

‘பக்கம் 384: ரா. கோவர்த்தனம் திங்கள் இரவு காலமானார் என்ற செய்தி, அக்கால வழக்கப்படி செவ்வாய் விடிவதற்கு முந்தைய பொழுதைக் குறிக்கும். ஒப்பந்தத் தேதி தொடங்கிய பிறகும் அவர் உயிருடன் இருந்தார். எனவே ம. சென்னியப்பன் பொய்க் கையெழுத்திட்டார் என்பதற்கு ஆதாரமில்லை.’

பேராசிரியர் ஒரு சொல்லையும் மாற்றவில்லையாம். அவரைக் கூப்பிட்டு நன்றி சொல்ல எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

நூல் வெளியீடு. பாவாத்தாள் எனக்கு முன்பே வந்து, கடைசி வரிசையில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் நன்றாகப் பேசினார். பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் தொடவில்லை. என் பக்கமும் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் பத்மநாபன் விற்பனை மேசைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம். ஒரு புத்தகத்தைப் பிரித்தார். சீட்டு கீழே விழுந்தது. எடுத்துப் படித்தார். என்னைப் பார்த்தார்.

“இதுக்குத்தான் திதி கேட்டீங்களா மேடம்?”

ஆமாம் என்றேன்.

“நான் சொன்னத வச்சு எங்க தாத்தாவத்தான் கையெழுத்துப் போட்டவராக்கியிருக்கீங்க. கேட்டப்பவே சொல்லியிருக்கலாமுங்களே. அடுத்த மாசம் திதி வருது. என்னத்தச் சொல்லிக் கூப்புட்டுப் பிண்டம் வைப்பேன் நான்?”

சொல்லியிருக்கலாம். பாவாத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்கள் அருகில் வந்துவிட்டார். நான் தடுப்பதற்குள் பேசிவிட்டார்.

“சாமி, நான் சென்னியப்பன் மக. உங்க தாத்தன் போட்ட எடத்துக்குப் பக்கத்துலதான் எங்கய்யனும் போட்டிருக்காரு. தாத்தன் போனப்பறம் ஏச்சையெல்லாம் எங்கய்யன் ஒருத்தரே வாங்கிட்டாரு. உங்களுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கலீங்க. கவலப்படாதீங்க.”

குத்தலா, ஆறுதலா, எனக்குத் தெரியவில்லை. பத்மநாபனுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. பிறகு இருபது புத்தகங்களையும் வாங்கினார். ஒவ்வொன்றையும் பிரித்து, சீட்டை உருவி மேசையில் அடுக்கி வைத்துவிட்டு, புத்தகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

பாவாத்தாள் அந்தச் சீட்டுக் கட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“இத வச்சு என்னம்மா பண்ணப் போறீங்க?”

“லைன்ல குடுக்கப் போறனுங்க. பொஸ்தகம் அங்க யாரு வாங்கறா? நாளைக்குக் காத்தால வாரீங்களா? பொடி எழுத்து, எனக்குப் படிக்க வராது.”

நாளை நூலகத்தில் வேலை இருக்கிறது என்றேன். வேலை எதுவும் இல்லை. வீடு வீடாகப் போய்ச் சீட்டு கொடுப்பது வீண்வேலை. அங்கே கேட்க ஆளும் கிடையாது. அவர் போகமாட்டார் என்றே நினைக்கிறேன். போனாலும் இரண்டு வீட்டோடு திரும்பிவிடுவார்.

அக்டோபர் 13, திங்கள்

நடந்தது இது.

ஒன்பது மணிக்கெல்லாம் நான் சிங்காநல்லூரில் இருந்தேன். பாவாத்தாள் துவைத்த சேலை கட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. “அந்தக் கடசியிலிருந்து ஆரம்பிக்கலாமுங்க” என்றார்.

பூட்டிய வீடுகள் பல. ஒரு வீட்டில் ஒடிசாப் பையன் ஒருவன் சீட்டை வாங்கி, வாடகை நோட்டீஸ் என்று நினைத்துப் பயந்துவிட்டான். ஒரு பெண், “யாருங்க சென்னியப்பன்? எலக்சனுக்கு நிக்கறாரா?” என்றாள். திறந்த கதவுகளில் எல்லாம் நான் படித்தேன். முதலில் மெதுவாக, போகப்போகச் சத்தமாக. நான் வகுப்பெடுத்து ஏழு வருடம் ஆகிறது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் ஆறுச்சாமி என்று ஒரு பெரியவர். தொண்ணூறை நெருங்கிய வயது, மில்லில் நூல் நூற்கும் ரிங் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தவராம். பாவாத்தாளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திண்டாட்டமாக இருந்தது. படித்தேன். காது கேட்கவில்லை என்று கையைக் காட்டினார். அருகில் போய் இன்னொரு தடவை படித்தேன்.

“அப்ப கோவர்த்தனந்தான் போட்டாரா?” என்றார்.

“அது தெரியாதுங்க. அவர் செத்தப்பறம் சென்னியப்பன் போட்டார்ங்கறது இல்லை.”

“இல்லையா?”

“இல்லைங்க.”

சீட்டை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். படித்தாரா, வெறுமனே பார்த்தாரா என்று சொல்ல முடியாது. உதடு அசைந்தது. தன்னுடைய பழைய கூலியை, வராத போனஸை, அந்த வருடத்துத் தீபாவளியை நினைத்திருக்கலாம். வேறு எதையாவது நினைத்திருக்கலாம். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தப்போகிறார் என்று நினைத்தேன். பாவாத்தாளும் அப்படித்தான் நினைத்தார், பையை இடுக்கிக்கொண்டு திரும்பினார்.

பெரியவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். மேல்துண்டால் அதைத் துடைத்தார்.

“ஒக்காரு, ஆத்தா” என்றார் பாவாத்தாளிடம்.

அந்த வீட்டில் ஒரு நாற்காலிதான் இருந்தது. பாவாத்தாள் உட்கார்ந்தார். நான் கதவோரமாக நின்றுகொண்டிருந்தேன்.